பிளஸ் ஒன்னில் குழந்தை வளர்ச்சி: ஒரு குழந்தை, ஒரு நோட்டு, ஒரு வருஷம்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப் ஹாரன் கேட்டுவிடும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என்று மலையேறும் ஜீப்புகள் அவை. போனவர்கள் திரும்பிவரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை கைக்குழந்தை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும். விடுமுறை நாளென்றால் என் வகுப்பில் படிக்கும் அக்காவின் இடுப்பில் இருக்கும்.

நான் இந்தப் பக்கத்து அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 22 வருஷமாக மனையியல் நடத்துகிறேன். உணவு, துணி, குடும்ப வள மேலாண்மை, மனித வளர்ச்சி என்று பல பகுதிகள் சேர்ந்த பாடம். அதில் குழந்தை வளர்ச்சியை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஜூனிலும் பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தம்பியைத் தூக்கி வளர்க்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். தெரிந்ததற்குத் தேதியும் நேரமும் போட்டு எழுதப் பழகுவதுதான் மீதிப் பாதி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எல்லாரையும் போலத்தான் நடத்தினேன். காலண்டரிலிருந்தும் பவுடர் விளம்பரத்திலிருந்தும் குழந்தைப் படங்களை வெட்டி சார்ட்டில் ஒட்டச் சொல்வேன். கீழே ஒரு அட்டவணை: மூன்று மாதத்தில் தலை நிற்கும், ஆறில் உட்காரும், எட்டில் தவழும், பன்னிரண்டில் நடக்கும். ஒரு வருஷம் ஒரு மாணவி அதை வீட்டில் சத்தம் போட்டுப் படித்திருக்கிறாள். அவள் அண்ணன் மகனுக்கு அப்போது 14 மாதம், இன்னும் நடக்கவில்லை. 'புத்தகத்திலேயே போட்டிருக்கு' என்று வீடே சேர்ந்து அண்ணியைப் பேசித் தீர்த்துவிட்டது. பால் சரியாகக் கொடுக்கவில்லை, கீழே விட்டு வளர்க்கவில்லை என்று ஆளுக்கு ஒன்று. மாணவி அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். பிள்ளை 15 மாதம் முடிவதற்குள் நடந்துவிட்டான். ஆனால் அந்த மூன்று வாரமும் அந்தப் பெண் வாங்கிய பேச்சுக்கு என் சார்ட் காரணம்.

அதற்கப்புறம்தான் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களைத் தேடிப் படித்தேன். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நல்ல பராமரிப்பில் வளரும் குழந்தைகள் உட்காருவதையும் தவழுவதையும் நடப்பதையும் முதல் வருஷம் மாதாமாதமும் அடுத்த வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். தனியாக நடப்பதற்கு அதில் ஒற்றை மாதம் கிடையாது. 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போது நடந்தாலும் இயல்புதான். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். கையும் முட்டியும் ஊன்றித் தவழுவது 5.2 முதல் 13.5-க்குள். அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் அப்படித் தவழவே இல்லை. தவழாமலே எழுந்து நடந்துவிட்டார்கள்.

அதனால் முதல் வேலை இது. உங்கள் நோட்டில் எந்த வளர்ச்சிக்கும் ஒற்றை மாதம் போடாதீர்கள். 'இதிலிருந்து இதுவரை' என்று இரண்டு எண்களாகப் போடுங்கள். தேர்வில் பாடநூலில் உள்ளபடி எழுதுங்கள், அது வேறு கணக்கு. வீட்டில் போய்ச் சொல்லும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எந்தக் குழந்தை

ஒரே ஒரு குழந்தை போதும். எட்டு மாதத்துக்கும் நான்கு வயதுக்கும் இடையில் இருந்தால் நல்லது. ஒரு பள்ளி ஆண்டுக்குள்ளேயே நிறைய மாறும். நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற குழந்தையை ஆகஸ்டுக்குள் விட்டுவிடுவீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தத் தம்பி தங்கையை எழுதலாமா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். எழுதலாம். சார்லஸ் டார்வின் 1839-இல் பிறந்த தன் மூத்த மகனைப் பார்த்து எழுதிய குறிப்புகளை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே தன்னுடைய மூன்று குழந்தைகளைத் தொட்டிலில் இருக்கும்போதே உட்கார்ந்து பார்த்துத்தான் குழந்தையின் சிந்தனை பற்றிய தன் கருத்துகளை வளர்த்தார். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தம்பி என்றால் அவன் செய்வதற்கு முன்பே 'இவன் இப்படித்தான்' என்று மனசு சொல்லிவிடும். கண் அதைத்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் இந்தத் தொல்லை குறைவு.

அனுமதி கேட்கும்போது அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அம்மாச்சி என்றால் அவரிடமும் கேளுங்கள். 'உங்க பேரனுக்குப் பரீட்சை வைக்க வரல அம்மாச்சி. அவன் எப்படி விளையாடுறான்னு பார்த்து எழுதிக்கிறேன், எழுதுனதைப் படிச்சும் காட்டுறேன்' என்று சொன்னால் போதும். போட்டோ, வீடியோ வேண்டாம். போன் எடுத்தாலே குழந்தை விளையாட்டை விட்டுவிட்டுப் போனைப் பார்க்கும்; அந்தப் படம் யார் யார் போனுக்குப் போகும் என்பதும் நம் கையில் இல்லை. நோட்டில் உண்மைப் பெயர் எழுதக் கூடாது. நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

பால்வாடிக்குப் போய்ப் பார்ப்பதானால் தலைமையாசிரியையிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போய் அவர்களுக்கு இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. சுவரோரம் தரையில் உட்காருங்கள். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் உங்களைச் சுற்றிக்கொண்டே நிற்கும், எதுவும் எழுத முடியாது. மூன்றாம் நாள் மறந்துவிடுவார்கள். எழுதுவதை அன்றைக்கு ஆரம்பியுங்கள்.

வயசுக் கணக்கு

'ரெண்டு வயசு இருக்கும்' என்று எழுதிய ரெக்கார்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இந்த வயதில் மூன்று மாதம் என்பது பெரிய வித்தியாசம். தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதி இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். அட்டை கிடைக்கவில்லை, 'ஐப்பசியில, தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி' என்கிறார்கள் என்றால் அந்த வருஷத்துக் காலண்டரைத் தேடிப் பிடித்துத் தேதி கண்டுபிடியுங்கள். 2022 ஜூலை 18-இல் பிறந்த குழந்தையை 2024 நவம்பர் 3-இல் பார்த்தால் வயது 2 வருஷம் 3 மாதம் 16 நாள். இப்படி நாள் வரை எழுத வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால், எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்து எழுதுங்கள். இரண்டு வயது வரை அந்தக் கழித்தல் வேண்டும். இரண்டு மாதம் முன்னால் பிறந்த பிள்ளையை நிறைமாதத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுவிட்டு 'பின்தங்கியிருக்கிறான்' என்று எழுதுவது அநியாயம்.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று. பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். வலப்பக்கம் நீங்கள் நினைப்பது. இடப்பக்கத்தை அந்த இடத்திலேயே எழுத வேண்டும். வலப்பக்கத்தை வீட்டுக்கு வந்து எழுதலாம். இந்த ஒரு கோட்டைச் சரியாகக் காப்பாற்றினால் பாடம் கைக்கு வந்துவிடும். என் பிள்ளைகளுக்கு இதற்கே இரண்டு மாதம் ஆகிறது.

முதல் வாரத்தில் எல்லா நோட்டிலும் இப்படி இருக்கும்: 'குழந்தை சந்தோஷமாக விளையாடினான். புத்திசாலி. கொஞ்சம் அடம் பிடிப்பான்.' இதில் பார்த்தது ஒன்றுகூட இல்லை. சந்தோஷம் என்று எப்படித் தெரிந்தது? சிரித்தானா, கை தட்டினானா, திரும்பத் திரும்பச் செய்தானா? அதை எழுதுங்கள். அதே பத்து நிமிஷத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நான் கரும்பலகையில் எழுதிப் போடும் மாதிரி இது:

'ஞாயிறு காலை. வீட்டு முன்னால் கொட்டிய மணல். 10.10: குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். வலது கையில் எவர்சில்வர் டம்ளர். இடது கையால் மணலை அள்ளி டம்ளரில் போடுகிறான். பாதி வெளியே விழுகிறது. 10.12: டம்ளரைக் கவிழ்க்கிறான். மணல் விழுவதைப் பார்க்கிறான். "கொட்டிச்சு" என்கிறான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. திரும்ப அள்ளுகிறான். இதே மாதிரி நான்கு முறை. 10.16: பக்கத்து வீட்டுப் பாப்பா வந்து அருகில் உட்கார்ந்து சிரட்டையில் மணல் அள்ளுகிறாள். அவள் சிரட்டையை ஒருமுறை பார்க்கிறான். பேசவில்லை. தன் டம்ளரில் அள்ளுகிறான். 10.19: அம்மாச்சி உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். தலையைத் திருப்புகிறான். எழுந்திருக்கவில்லை.'

இனி வலப்பக்கம். இரண்டு குழந்தைகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மணலில், ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஆனாலும் சேர்ந்து விளையாடவில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் பிரித்துக் காட்டிய விளையாட்டு வகைகளில் இது இணை விளையாட்டு. நான்கு முறை கவிழ்த்தது, தான் செய்தால் என்ன நடக்கிறது என்று சோதிப்பது. 'கொட்டிச்சு' இறந்தகால வினை. நடந்து முடிந்ததைச் சொல்லத் தெரிகிறது. கூப்பிட்டதும் தலை திரும்பியதால் காது கேட்கிறது. அம்மாச்சி இதே காட்சியை 'சொன்ன பேச்சு கேட்க மாட்டான்' என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வதையும் எழுதுங்கள், ஆனால் அவர் சொன்னதாக எழுதுங்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷம். ஒரே நேரத்தில் போகாதீர்கள். காலையில் பார்த்த குழந்தையும் தூக்கம் வருகிற நேரத்துக் குழந்தையும் வேறு வேறு ஆட்கள் மாதிரி இருப்பார்கள்.

எதைப் பார்ப்பது

உடம்பு அசைவில் ஆரம்பியுங்கள், அதுதான் எளிது. தமிழ் வகுப்பில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் படிக்கிறீர்களே, அதை இங்கே எடுத்துக்கொண்டு வாருங்கள். செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி என்றால் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. வருகை என்றால் தளர்நடை போட்டு வருவது. நம் புலவர்கள் கடவுளையும் அரசனையும் பாட எடுத்துக்கொண்ட சட்டகம், குழந்தையின் கழுத்தும் கையும் காலும் வரிசையாக வசப்படுவதைப் பார்த்தவர்கள் போட்ட சட்டகம். ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசியில் வருகிற சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் பொருளை வைத்து ஆடுகிற விளையாட்டுகள். இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் பருவங்களின் வரிசை என் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை. தமிழம்மாவும் என்னிடம் வந்து சொன்னார்.

கைவிரல் வேலைக்குக் காலித் தீப்பெட்டிகள் பத்து எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் இரண்டை அடுக்கிக் காட்டிவிட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்றரை வயதில் மூன்று நான்கு அடுக்கும், இரண்டு வயதில் ஆறு வரை போகும். எத்தனை அடுக்கியது என்பதோடு, விழுந்தபோது என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். சிரித்ததா, திரும்ப எடுத்ததா, உங்களிடம் நீட்டியதா? எனக்கு எண்ணிக்கையைவிட இது முக்கியம்.

எட்டு, ஒன்பது மாதக் குழந்தையென்றால் கிலுகிலுப்பையை அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டால் மூடுங்கள். துண்டை இழுத்து எடுக்கிறதா? கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் அங்கேதான் இருக்கிறது என்ற அறிவைப் பியாஜே இப்படித்தான் சோதித்தார். அவர் நினைத்ததைவிடச் சின்ன வயதிலேயே அந்த அறிவு வந்துவிடுகிறது என்று, குழந்தை எதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்பதை அளந்த பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதினால் விடை நன்றாக இருக்கும்.

நாலு, ஐந்து வயதுப் பிள்ளை கிடைத்தால் தண்ணீர்ச் சோதனையை விடாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். 'ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கா?' 'ஆமா.' அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரை உயரமான, ஒடுக்கமான கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். 'இப்ப?' பெரும்பாலும் உயரமானதில்தான் அதிகம் என்பார்கள். உயரம் ஒன்றையே பார்க்கிறார்கள் என்பது பியாஜேயின் விளக்கம். ஆனால் 1970-களில் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்தில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். தண்ணீருக்குப் பதிலாக, ஒரே எண்ணிக்கையில் இரண்டு வரிசையாக வைத்த காய்களைப் பெரியவர் கலைக்காமல் ஒரு கரடி பொம்மை ஓடிவந்து 'தெரியாமல்' கலைப்பதுபோலச் செய்தபோது, இன்னும் நிறையப் பிள்ளைகள் 'அதே எண்ணிக்கைதான்' என்று சரியாகச் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் முதல் பதில் தப்பு போல என்று பிள்ளைகள் மாற்றிவிடுகிறார்கள். என் வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகளே அப்படித்தான்; 'நல்லா யோசிச்சுச் சொல்லு' என்றால் போதும், சரியான விடையை மாற்றிவிடுவார்கள். அதனால் கேட்ட கேள்வியை ஒரு சொல் விடாமல் நோட்டில் எழுதுங்கள். விடையில் பாதி கேள்வியில் இருக்கிறது.

பேச்சைக் கவனிக்க இந்தப் பள்ளத்தாக்கு நல்ல இடம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணிவிட்டுப் பேச்சு குறைவு என்று எழுதக் கூடாது. உச்சரிப்பு சரியாக இல்லாவிட்டாலும் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் 'ஊனே' என்றால் அது ஒரு சொல். 'மம்மு', 'தாச்சி', 'உவ்வா' எல்லாமே சொற்கள். இரண்டு வயது வாக்கில் 'அம்மா வா', 'தண்ணி தா' என்று இரண்டு சொல் சேரும். 'பாப்பா சாப்புட்டுச்சு' என்று தன்னையே வெளியாள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்த குழந்தை ஒருநாள் 'நான்' என்று சொல்லும். அந்தத் தேதியைப் பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்கள் நோட்டுக்கு விலையே இல்லை. அதையொட்டி 'நானே, நானே' வரும். சட்டைப் பித்தானை நானே போடுவேன், சோற்றை நானே அள்ளுவேன். எரிக் எரிக்சன் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள காலத்தைத் தன்னாட்சிக்கும் வெட்கம், ஐயத்துக்கும் இடையிலான போராட்டம் என்று சொன்னது இதைத்தான். அதே பித்தானை அம்மாச்சி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் குழந்தை போட்டுவிடுகிறது, விட்டுவிட்டால் முடியவில்லை. தனியாக முடியாதது துணையோடு முடிகிற அந்த இடத்தைத்தான் வைகாட்ஸ்கி கற்றலின் இடம் என்றார். மூன்று அறிஞர்களையும் முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள். நோட்டில் ஐம்பது பக்கம் நிரம்பட்டும், அப்புறம் பாடத்தைத் திறந்து உங்கள் பக்கங்களில் அவர்களைத் தேடுங்கள். தேர்வில் எடுத்துக்காட்டு கேட்டால் உங்கள் கையில் சொந்தமாக நாலைந்து இருக்கும்.

தன் பெயரிலேயே ஒரு குழந்தைக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கியவர், இடையில் கொஞ்ச காலம் பெரியகுளத்துக்கு மேலே உள்ள கொடைக்கானலில் இருந்தார். நம் மலையில் நடந்து, நம் பிள்ளைகளைப் பார்த்தவர். அவர் பகுதியை நடத்தும்போது ஜன்னல் வழியாக மலையைக் காட்டிச் சொல்வேன்.

ஜீப் திரும்பும் நேரம்

ஒரு நாளாவது மாலையில், அம்மா வேலை முடிந்து வரும் நேரத்தில் போய் உட்காருங்கள். மேரி எய்ன்ஸ்வொர்த் முதலில் உகாண்டாவிலும் பிறகு அமெரிக்காவிலும் தாய்களையும் குழந்தைகளையும் பார்த்தபோது, பிரியும் நேரத்தைவிடத் திரும்பச் சேரும் நேரம் நிறையச் சொல்கிறது என்று கண்டார். ஜீப் சத்தம் கேட்டதும் குழந்தை என்ன செய்கிறது? வாசலுக்கு ஓடுகிறதா? தூக்கியதும் அழுகிறதா? அழுதால் எத்தனை நிமிஷத்தில் அடங்குகிறது? இறங்கித் திரும்ப விளையாடப் போகிறதா? எழுதுங்கள், அவ்வளவுதான். பார்ப்பதற்காகக் குழந்தையைப் பிரித்து வைப்பது, ஒளிந்துகொள்ளச் சொல்வது எதுவும் கூடாது. அம்மா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாச்சியிடம் போகிற குழந்தையைப் பார்த்துவிட்டு 'தாய்ப்பாசம் குறைவு' என்று ஒரு மாணவி எழுதினாள். அந்த வரியை நான் அடித்தேன். பகல் பூராவும் இருந்த மடிக்குப் போகிறது, அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று பேரிடம் ஒட்டுதல் இருக்கும், இருக்கலாம். கூலிக்குப் போகிற பெண்ணைக் குற்றவாளியாக்க இந்தப் பாடத்தை யாரும் பயன்படுத்தக் கூடாது.

எடை

மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கியது. இன்று நம் தெருவுக்குள் இருக்கிறது. வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளியைப் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரட்டிக்கும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்கவைத்து நீளம், அதற்கு மேலே நிற்கவைத்து உயரம். மேல்கைச் சுற்றளவு நாடா கிடைத்தால் டீச்சரிடம் கேட்டுப் போட்டுப் பழகுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனம் வேண்டும், 11.5-க்குக் கீழே என்றால் உடனே மருத்துவமனை.

ஏதோ சரியில்லை என்று தோன்றினால்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மாணவி பால்வாடியில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்து எழுதிவந்தாள். இடப்பக்கத்தில் மூன்று தேதிகளில் ஒரே வரி இருந்தது: 'வெளியே ஜீப் ஹாரன். மற்ற பிள்ளைகள் திரும்பினார்கள். இவள் திரும்பவில்லை.' வலப்பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. நோட்டைத் திருத்தும்போதுதான் நான் கவனித்தேன். அங்கன்வாடி டீச்சரிடம் காட்டினோம். அவர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்ல, பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து பார்க்கும் மருத்துவக் குழு மூலம் குழந்தை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போனது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு. காதுக் கருவி வைத்து, பேச்சுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். அந்த மாணவி 'காது கேட்கவில்லை' என்று எங்கேயும் எழுதவில்லை. பார்த்ததை மட்டும் எழுதியிருந்தாள். அதனால்தான் அந்தக் குறிப்பை எல்லாரும் நம்பினார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு வயதாகியும் மழலை ஒலி இல்லை, கை நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசிய பேச்சோ செய்த வேலையோ எந்த வயதிலானாலும் காணாமல் போகிறது. இதில் ஒன்றைப் பார்த்தால் ஆசிரியையிடம் நோட்டைக் காட்டுங்கள். நோய்ப் பெயர் எதையும் வாயில் எடுக்காதீர்கள். அந்த அம்மாவிடம் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள். குழந்தையை யாராவது துன்புறுத்துவதைப் பார்த்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆசிரியையிடம் அன்றைக்கே சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள்.

பிளஸ் டூவுக்கு அப்புறம்

மனையியல் படித்தால் சமையல்தானே என்று வீட்டில் கேட்பார்கள். கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் 1957-இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது; அங்கே மனித வளர்ச்சியைப் பட்டப் படிப்பாகப் படிக்கலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கான பட்டயப் படிப்பு இருக்கிறது. சிறப்புக் கல்வியில் ஆர்வம் என்றால் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சு, கேட்டல் துறைக்குப் போக அறிவியல் பாடப்பிரிவு கேட்பார்கள், அதனால் பத்தாம் வகுப்பு முடித்ததுமே யோசித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஆண்கள் பள்ளி எதிலும் இந்தப் பாடம் இல்லை. அது எனக்குத் தீராத வருத்தம். வீட்டில் தம்பி பிளஸ் ஒன் படித்தால் அவனையும் கூட உட்காரவைத்துப் பத்து நிமிஷம் எழுதச் சொல்லுங்கள்.

நோட்டை முடிப்பது

பிப்ரவரியில் ரெக்கார்டில் கையெழுத்து ஆனதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இடப்பக்கத்தை மட்டும் ஒரு நோட்டில் அழகாகப் படியெடுத்து அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். மாலையில், ஜீப் வந்த பிறகு போங்கள்.

போன வருஷம் என் மாணவி ஒருத்தி அப்படிப் போனாள். பையன் முதல் அடி வைத்தது ஒரு சனிக்கிழமை காலை 10.40-க்கு, மாவரைக்கும் கல்லைப் பிடித்து எழுந்து, நான்கு அடி. அம்மா அப்போது மலையில் இருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். எந்தக் கால் முதலில் வைத்தான் என்று கேட்டார். நோட்டில் இருந்தது: இடது கால். திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னார்.